ஆடு போட்ட கோட்டு

கீழ்த்தளம் மராத்தி, முதல் மாடி இந்தி,
அதற்கு மேலே நாங்கள்,
எங்களுக்கு மேலே தார்ப்பாய்.
ஆன்டாப் ஹில்லில் ஜூலை மாதம்.
முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம்.

படம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று
திருப்பிப் பிடித்துக்கொண்டு
மேலிருந்து எட்டி எட்டித்
தலைகீழ் எழுத்தில் படிக்கிறேன்:

ஆடு போட்டது கோட்டு,
அதன் பையில் ஒரு சீட்டு,
சீட்டு நிறையப் பாட்டு,
மழையே, கதவைப் பூட்டு!

"டீச்சர், ஆட்டுக்குப் பட்டன் யாரு போட்டுவிட்டா?"
அச்சடித்துக் கொடுத்த வழிகாட்டித் தாளில்
ஆறு செயல்பாடுகள் இருக்கின்றன.
இதற்கு விடை இல்லை.

முதலாவது, ஒலி ஒத்த சொற்களைக் கூடையில் சேர்த்தல்.
கூடைக்கு எங்கே போவது,
என் டிபன் பையைக் கவிழ்த்து உதறினேன்.
துண்டுத் தாளில் எழுதி எழுதிப் போட்டார்கள்.
நோட்டு. ரோட்டு. வேட்டு.
சாக்லேட்டு என்று நாலு பேர்.
ஜெபசிங் "வீட்டு" என்றான்.
அது பாதிச் சொல்லடா, பின்னால் ஏதாவது வரணும்.
"வாடகை" என்றான்.
பின்வரிசையிலிருந்து "ஓனர்", "சாவி", "சண்டை".
ரிஸ்வானா மட்டும் "பாடம்" என்றாள்.
காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல்
வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

பிரிஸ்காவின் துண்டில் "வாட்டு".
நல்ல சொல், கத்திரிக்காயைச் சுட்டு வாட்டு, என்றேன்.
கடைசி பெஞ்ச் "வாட் லக் கயி!" என்று கூவிச்
சிரித்துச் சரிந்தது.
இரண்டுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினாள்.
"மராத்தி வாட், டீச்சர்.
அம்மா ராத்திரி சால் வாசல்ல நிப்பாங்க.
பக்கத்து ரூம் காகு சொல்லும், வாட் பக்தேய்னு."

வாட் என்றால் பாதை.
பாதையைப் பார்த்தால், காத்திருப்பது.
தமிழிலும் வழிதான் பார்க்கிறோம்,
பூட்டோடு சேராது, அவ்வளவுதான்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
துண்டை மடித்துப் பையில் போட்டேன்.

நடுவில் பீட் ஆபீசர் வந்தார்.
"பீட்டு!" என்றது ஒரு குரல், வெற்றியோடு.
அவருக்குத் தமிழ் தெரியாது.
தன்னை வரவேற்கிறார்கள் என்று
கையசைத்துவிட்டுப் போனார்.

கோட்டு தைக்க, கௌதமின் அப்பா வேலை பார்க்கும்
யூனிட்டிலிருந்து ஒரு மூட்டை வெட்டுத்துணி.
பசை நிறைய, துணி கொஞ்சம்.
ஆட்டுக்கு இருப்பது நாலு காலா
இல்லை இரண்டு கையும் இரண்டு காலுமா
என்ற தகராறில் மூன்று கோட்டு கிழிந்தது.

நாலாவதைப் படித்ததும் தாளை மடித்துவிட்டேன்:
"குழந்தைகளை மழையில் சற்றே உலவ விடவும்."
எழுதியவர் பாவம், வேறு ஊர் மழையில் நனைந்தவர்.
இங்கே மழைதான் எங்களுக்குள் உலவுகிறது.
தார்ப்பாயில் வழிந்து, சுவரில் இறங்கி,
கரும்பலகையில் நான் வரைந்த ஆட்டின்
ஒரு கொம்பை அழித்துவிட்டுப் போயிற்று.
"டீச்சர், ஆடு கன்னுக்குட்டி ஆயிடுச்சு."

கடைசிப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு
கதை எப்படி முடியும், நீங்களே வரையுங்கள் என்றேன்.
என் கைக்குக் கீழே ஆடு வீடு சேர்ந்து,
கோட்டைக் கொடியில் போட்டு, தூங்குகிறது.

ஓர் ஆடு ஹார்பர் லைனில் தொங்கியபடி போனது.
ஓர் ஆடு வடாபாவ் தின்றது, பச்சைமிளகாயை ஒதுக்கி.
ஜெபசிங்கின் ஆடு கோட்டுப் பையில் கைவிட்டபடி
வாடகை வசூலித்தது.

பிரிஸ்காவின் தாளில் ஒரு ரோடு.
விளக்குக் கம்பம். தேங்கிய தண்ணீர்.
ஓரத்தில் ஒரு கதவு, பூட்டாமல்.
"ஆடு எங்கே?"
"இன்னும் வரல."

மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகும்
கடைசிப் பக்கத்தின் மேலேயே
இருந்தது என் கை.